நல்லெண்ணெய் ஊற்றிய கம்ப்ரசர்

காற்றைக் கொண்டு கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவரலாம் என்று அத்தான் சொன்னபோது எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அத்தான் என்பது என் அக்கா வீட்டுக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கம் போய்த் தங்கியிருந்துவிட்டு, ஒரு பழைய கம்ப்ரசரையும் ஒரு டீசல் என்ஜினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு காரைக்குடியில் வந்து இறங்கினார். தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. அத்தானுக்கு அது வசதியாகப் போயிற்று. பேசுவதற்கு அவர், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதற்கு நான்.

வேலை என்னவோ சுலபமானதுதான். போர் போட்ட ஆழ்துளைக் குழிக்குள் ஒரு பெரிய குழாய் இறங்கும். அதற்குள் ஒல்லியாக இன்னொரு குழாய். ஒல்லிக் குழாயில் காற்றை அழுத்தி அனுப்பினால் அது அடியில் போய்த் தண்ணீரோடு கலக்கும். காற்று கலந்த தண்ணீர் கனம் குறைந்து, பெரிய குழாய் வழியாகப் பொங்கி மேலே வரும். ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஒரே ஓட்டமாக வராது. தும்மல் போடுவது மாதிரி, விட்டு விட்டு, வெள்ளை வெளேரென்று மோர் போல வந்து விழும். கொஞ்ச நேரம் பாத்திரத்தில் வைத்தால் நுரை அடங்கித் தெளிந்துவிடும். ஊற்று குறைவாக இருக்கும் இடத்தில், சாதாரண பம்பு காற்றைக் குடித்துவிட்டுக் கையை விரிக்கும் இடத்தில், இது கிடைத்த தண்ணீரை மேலே கொண்டுவந்துவிடும். பூமிக்குள் சுழலுகிற சாமான் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் மேலேதான். டீசல் என்ஜின், அதிலிருந்து பெல்ட் போகும் கம்ப்ரசர், கம்ப்ரசர் அழுத்திய காற்றைத் தேக்கி வைக்கும் இரும்பு டேங்க், டேங்கின் மேல் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு மீட்டர்.

அந்த மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை.

ஒரு வைகாசியில் கொத்தமங்கலத்துப் பெரிய வீடு ஒன்றுக்குப் போனோம். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்ட வீடு. அந்த வீட்டு ஆச்சிக்கு ஒரே மகள். கல்யாணம் வைத்திருந்தார்கள். ஆச்சியின் கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மழை பொய்த்த வருஷம் அது. வீட்டுக் கிணற்றில் அடிமண் தெரிந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போர் போட்டார்கள், அதில் வந்த ஊற்று பம்புக்குப் போதவில்லை.

கொல்லைக் கதவுக்கு நேர் எதிர்வீடு ஆச்சியின் கொழுந்தனார் வீடு. அங்கே மின்சார மோட்டார் இருந்தது, வற்றாத கிணறும் இருந்தது. நாங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் கொல்லைக்கு வந்து நின்றார்.

“எதுக்கு இம்புட்டுப் பாடு? கல்யாணத்த எங்க வீட்டுலயே வச்சுக்குவோம்னு எத்தனை வாட்டி சொல்லிட்டேன். தண்ணி கெடக்கு, எடம் கெடக்கு. ஊருல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக” என்றார்.

“ஊரு சொல்லாது. நான் சொல்லுவேன்ல” என்றார் ஆச்சி.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அது எனக்குப் பிறகு கொல்லையில் வேலை செய்த பெண்கள் பேசிக்கொண்டதில் இருந்து புரிந்தது. கணவரை இழந்தவர் என்பதால் கல்யாணத்தில் ஆச்சி முன்னால் நிற்க முடியாது. மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போவது கொழுந்தனாரும் அவர் வீட்டம்மாவும். மாலை எடுத்துக் கொடுப்பது, விளக்கு ஏற்றுவது, மாப்பிள்ளையை வரவேற்பது எல்லாம் மற்றவர்கள். தன் மகள் கல்யாணத்தில் ஆச்சிக்கு என்று மிச்சம் இருந்தது பந்தி ஒன்றுதான். தன் அடுப்பு, தன் தண்ணீர், தன் வீட்டுக் கூடத்தில் இலை. அதையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அவர் அந்தக் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி.

அத்தானுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் பேச்சு அப்படித்தான் இருந்திருக்கும்.

“ஆச்சி, நீங்க இலைய மட்டும் போடுங்க. கங்கையக் கொண்டாந்து கொல்லையில விடுறது என் பொறுப்பு.”

ஆச்சி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “வருமா தம்பி?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தெரியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் என்ஜினைச் சுற்றிவிட்டு, பெல்ட்டை மாட்டி, முள் மெதுவாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடம் வரைக்கும் ஏறியது. பிறகு பூமிக்கு அடியில் யாரோ கொப்பளிப்பது போல ஒரு சத்தம். முள் கொஞ்சம் இறங்கி ஒரே இடத்தில் நின்றது. குழாய் வாயில் நுரை தள்ளி, தண்ணீர் விழ ஆரம்பித்தது. கொல்லையில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். அத்தான் தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

தலைமைச் சமையல்காரர் ஒரு செம்பில் பிடித்து, நுரை தெளியும்வரை காத்திருந்து, வாயில் ஊற்றிக்கொண்டார். அப்படியே துப்பினார்.

“ஆச்சி, இங்குட்டு வாங்க. இதுல லாரி வாடை அடிக்கிது.”

செம்பை வெயிலில் சாய்த்துக் காட்டினார். தண்ணீரின் மேல் மெல்லிய படலம், மயில் கழுத்து நிறத்தில். கம்ப்ரசருக்குள் ஊற்றும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு சேர்ந்து போகும். தோட்டத்துக்கும் வயலுக்கும் தண்ணீர் இறைத்தபோது அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. நெல்லுக்கு மூக்கு கிடையாது.

“இந்தத் தண்ணில சாம்பார் வச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக இலைய மூடிட்டு எந்திரிச்சிருவாக. பெறகு எம்மேல சொல்லக் கூடாது” என்றார் சமையல்காரர்.

ஆச்சியின் முகம் வெளுத்துவிட்டது. எதிர்வீட்டு மாடியில் கொழுந்தனார் வீட்டு ஆட்கள் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி, “இதுக்கு என்ன எண்ணெ ஊத்துவீக?” என்று கேட்டார்.

அத்தான் சொன்னார்.

“அத எறக்கிட்டு வேற எண்ணெ ஊத்தப்படாதா? வீட்டுல செக்குல ஆட்டின நல்லெண்ணெ டின்னு டின்னா இருக்கு. நல்லெண்ணெ வாடை அடிச்சா யாரு என்ன சொல்லப் போறா? திங்கிற பொருளுதானே.”

அத்தான் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. “வண்டிச் சக்கரத்துக்கு வெளக்கெண்ணெ போடுறோம். தையல் மிஷினுக்குத் தேங்காண்ணெ போடுறோம். இதுக்கு நல்லெண்ணெ போட்டா கோவிச்சுக்கவா போகுது? ஏன் மாப்ளே?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எண்ணெயின் வேலை வழுக்குவது. நல்லெண்ணெயும் வழுக்கத்தான் செய்கிறது. கம்ப்ரசருக்குள் இருந்த கறுப்பு எண்ணெயை இறக்கி, துணியால் துடைத்து, ஆச்சி வீட்டு எண்ணெயைப் புனல் வைத்து ஊற்றினோம். பொன் நிறத்தில் அது உள்ளே போவதைச் சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“குடுத்து வச்ச மிஷினுய்யா. எம் பொண்டாட்டிக்குக்கூட இம்புட்டு எண்ணெ தலைக்கு வச்சதில்லை.”

அன்று பகல் முழுக்க ஓட்டினோம். தண்ணீரில் லாரி வாடை போய்விட்டது. அண்டாக்களும் தொட்டிகளும் நிறைந்தன. கம்ப்ரசர் சூடேறியதும் கொல்லை முழுக்கப் பலகாரம் சுடுகிற மணம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்பைத் தேடினார்கள். “என்னப்பா, உள்ள வடை கிடை வேகுதா? வெந்ததும் ரெண்டு இங்குட்டு அனுப்புங்க” என்று சமையல்காரர் கத்த, கொல்லையே சிரித்தது. ஆச்சிகூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மறுநாளும் அப்படியே போயிற்று. மணம் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. வடை மணம் போய், கருகிய தேங்குழல் மணம்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மறுபடி ஓட்டத் தொடங்கினேன். முந்தின நாள் நிரப்பியது சமையலுக்குச் சரியாக இருந்தது. இலைக்கும் கை கழுவவும் இன்னும் வேண்டும். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முகப்பில் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கொல்லையில் கோட்டை அடுப்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. கம்ப்ரசருக்கும் முதல் அடுப்புக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டியை நிறுத்தலாம், அவ்வளவு இடம்தான். சமையல்காரர்கள், காய் நறுக்கும் பெண்கள், இலை துடைப்பவர்கள் என்று கொல்லை நிறைய ஆட்கள். அவர்களுக்கு நடுவில் ஆச்சி. முன்கட்டில் முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு அண்டாவாகத் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதலில் சத்தம்தான் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. கம்ப்ரசர் இருமலோடு ஓடியது. குழாயில் தண்ணீர் மெலிந்துகொண்டு வந்தது. ஊற்று குறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஊற்று குறைந்தால் முள் இறங்க வேண்டும். முள் ஏறியிருந்தது.

வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு கோடு ஏறியது. டேங்கிலிருந்து போர்க் குழாய்க்குக் காற்று போகிற வால்வு ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. காற்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது, வெளியே போகவில்லை. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை; அழுத்தம் அளவு மீறினால் டேங்க் மேலே இருக்கும் சேப்டி வால்வு தானாகத் திறந்து காற்றை விட்டுவிடும். சிவப்புக் கோட்டில் திறக்கும்.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வால்வு திறக்கவில்லை. முள் கோட்டைத் தாண்டியது.

ஓடிப்போய் என்ஜினின் டீசலை அடைத்தேன். என்ஜின் தடதடவென்று தளர்ந்து நின்றது. மேளச் சத்தத்தில் அது நின்றதை யாரும் கவனிக்கவில்லை. இனி முள் ஏறாது என்று மூச்சு விட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கம்ப்ரசரிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் பச்சைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துகொண்டிருந்தது. முள் நிற்கவில்லை. மெள்ள, பல்லி நகர்வது மாதிரி, நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

உள்ளே நெருப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லெண்ணெய் உள்ளே காய்ந்து, பிசினாகி, கரியாகி, கனன்றுகொண்டிருக்கிறது. சேப்டி வால்வை ஸ்பேனரால் தட்டினேன். அசையவில்லை. டேங்கின் அடியில் இருக்கும் திருகைப் பிடித்துத் திருப்பினேன். அதுவும் பிசினில் ஒட்டிக் கிடந்தது. என் உள்ளங்கைத் தோல்தான் அதில் ஒட்டிக்கொண்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. டேங்க் வாயில் வால்வுக்கு முன்னால் இருக்கும் பூட்டு நட்டை ஸ்பேனர் போட்டுத் தளர்த்தினால் அந்த வழியாகக் காற்று வெளியேறும். ஆனால் வெளியேறப் போவது வெறும் காற்றா? கொதிக்கிற எண்ணெய்ப் புகை. அது நேராகப் பாயப் போவது அடுப்புகளின் பக்கம். அடுப்பில் தீ எரிகிறது.

தளர்த்தாமல் விட்டால் டேங்க் வெடிக்கும். தளர்த்தினால் கொல்லை பற்றிக்கொள்ளும்.

அத்தனை பேரையும் வெளியே போகச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. முகப்பில் மேளம் வேகம் பிடித்தது. சமையல்காரரிடம் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டேன்.

“அண்ணே, எல்லாரையும் கூட்டிக்கிட்டு கொஞ்சம் வெளிய போறீகளா?”

அவர் கரண்டியோடு திரும்பினார். “எதுக்கு தம்பி? வடைய நீ பாத்துக்கிறியா?”

“இல்லண்ணே. டேங்கு...”

“இந்தா, கெட்டி மேளம் கொட்டப் போகுது. ரசத்துக்குத் தாளிக்கணும். போ, போ, தள்ளி நில்லு.”

டேங்கைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயில் தண்ணீர் வருமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வாளியை அண்டாவில் முக்கி முதல் அடுப்பின் வாயில் ஊற்றினேன். தண்ணீர் பட்டதும் நெருப்பு சீறி, சாம்பலும் ஆவியும் ஆள் உயரத்துக்கு எழும்பின. இரண்டாவது அடுப்பு. மூன்றாவது. சோறு பாதி வெந்திருந்த பானைகளின் மேல் சாம்பல் கொட்டியது. பெண்கள் கத்திக்கொண்டு கொல்லைக் கதவுப் பக்கம் ஓடினார்கள். குழந்தையோடு நின்றவளும் ஓடினாள். சாம்பல் மூட்டத்தில் சமையல்காரரின் குரல்தான் கேட்டது.

“ஏலே, பாவி! கிறுக்குப் புடிச்சிருச்சாடா ஒனக்கு? கல்யாணச் சோத்துல... புடிங்கடா அவன!”

யாரோ என் முதுகில் விறகுக் கட்டையால் அடித்தார்கள். கடைசி அடுப்பிலும் ஊற்றிவிட்டு வாளியை எறிந்தேன். என்னைப் பிடிக்க வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார்கள். புகையில் நிற்க முடியாமல் அவர்களும் கதவுப் பக்கம் போனார்கள். நான் டேங்கிடம் ஓடினேன். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தோடு இழுத்தேன். நட்டு அசைந்தது. இன்னொரு இழுப்பு.

அந்தச் சத்தத்தை எதனோடு ஒப்பிடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முகப்பில் கெட்டி மேளம் கொட்டியதும் அதே நேரம்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கறுப்பும் மஞ்சளுமான புகை பீச்சிக்கொண்டு போய் அடுப்புகளின் மேலும், மூடி வைத்திருந்த கூட்டு, பொரியல் தட்டுகளின் மேலும், எதிரே இருந்த வெள்ளைச் சுவரின் மேலும் படிந்தது. ஈரச் சாம்பலில் ஒன்றும் பற்றவில்லை. முள் இறங்கிக்கொண்டே வந்து, பூஜ்யத்தில் முட்டி நின்றது.

மேல்சட்டை முழுக்க எண்ணெயாக, உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். கொல்லைக் கதவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஆச்சி மட்டும் வெளியே போகவே இல்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் புடவையெல்லாம் சாம்பல். சுவரைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், பிறகு பானைகளைப் பார்த்தார். பானைகளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“வெடிச்சிருக்குமா?” என்றார்.

“ஆமா ஆச்சி.”

“தாலி கட்டியாச்சா?” என்று பக்கத்தில் வந்த பெண்ணிடம் கேட்டார். கட்டியாயிற்று என்றாள். ஆச்சி கண்ணை மூடித் திறந்தார். அழுகை வருகிறதோ என்று நினைத்தேன். வரவில்லை.

செய்தி முன்கட்டுக்குப் போய், கொழுந்தனார் பட்டு வேட்டியோடு கொல்லைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் அத்தான். சுவரைப் பார்த்ததும் கொழுந்தனார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

“நான் சொன்னப்பவே கேட்டிருந்தா... சரி, போகட்டும். சமையல் ஆளுகள எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. அரிசி, பருப்பு எல்லாம் அங்குட்டு எடுத்துக்கிட்டுப் போகட்டும். பந்திய எங்க கூடத்துலயே வச்சிருவோம். சம்பந்திமார நான் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றார்.

அதில் தப்பே கிடையாது. நல்ல மனசோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் ஆச்சியைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“சமையல் ஒங்க வீட்டுல ஆகட்டும். ரொம்ப ஒத்தாசை” என்றார் ஆச்சி. “ஆனா பந்தி இங்கதான்.”

“இங்க எப்புடி? சோறு அங்க, ஆளு இங்கயா?”

“இலை போட்டாச்சு தம்பி. மொதப் பந்திக்கு இலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு வச்சாச்சு. போட்ட இலையில சோறு உங்காம எடுக்குற வழக்கம் நம்ம வீடுகள்ல உண்டா?”

கொழுந்தனார் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த வழக்கத்தை மீறச் சொல்ல அவரால் முடியவில்லை. கல்யாணத்தன்று வெறும் இலையை எடுப்பது என்றால் அதைச் சொல்கிற வாய் அவருடையதாக இருக்கக் கூடாது.

“அப்ப சோத்தத் தூக்கிக்கிட்டுத் தெருவத் தாண்டி வரணும்ங்கிறீக.”

“நாலு எட்டுத் தெருதானே. வரட்டும்.”

அப்படித்தான் நடந்தது. எதிர்வீட்டுக் கொல்லையில் புதிதாக அடுப்பு மூட்டி, வெகு நேரம் தாமதமாக, சோறும் குழம்பும் வெயிலில் தெருவைத் தாண்டி ஆச்சி வீட்டுக் கூடத்துக்கு வந்தன. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் முணுமுணுத்தார்கள். பசி கண்டவர்கள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று சொன்னார்கள். அத்தான் வேலையாட்கள் பந்தியில் உட்கார்ந்து, அடுப்பை அணைக்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டியது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் அந்தப் பந்தியில் இல்லை. எண்ணெய்ச் சட்டையோடு கொல்லையில் கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

கழற்றச் சொன்னது ஆச்சி. பந்தி முடிந்ததும் வந்தார்.

“நாளைக்குக் காலைல எம் மக பொறப்படுறா. இன்னிக்கு ராத்திரியும் காலைலயும் அவளும் மாப்பிள்ளையும் உங்கிட்டுப் போற சோறு எங்க அடுப்புல ஆகணும். தண்ணி வருமா?”

“இத முழுசா சுத்தம் பண்ணணும் ஆச்சி. பழைய எண்ணெயவே ஊத்தணும். வாடை வரும்.”

“வரட்டும்.”

வால்வுகளைக் கழற்றியபோது உள்ளே கறுப்பு அல்வா மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். துடைத்துத் துடைத்து, துணியில் கறுப்பு வராமல் போகிற வரைக்கும் துடைத்தேன். உள்ளங்கை எரிந்தது. சேப்டி வால்வின் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் பூட்டி, கம்ப்ரசர் எண்ணெயை ஊற்றினேன்.

அப்போது ஒரு சங்கடம் வந்தது. சமையல்காரர்கள் கொல்லைக்குள் வர மாட்டோம் என்றார்கள். தலைமைச் சமையல்காரர் கதவுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டார்.

“ஆச்சி, நீங்க என்ன சொன்னாலும் சரி. அந்தப் பூதம் ஓடுற எடத்துல நான் அடுப்பு மூட்ட மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல. எதிர்வீட்டுலயே சமைச்சுப்புடுறோம். அந்த மொதலாளியும் சரின்னுட்டாக.”

ஆச்சி கதவிலிருந்து திரும்பினார். என் பக்கம் வந்தார்.

“வெடிக்குமா தம்பி?”

அவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. “சுத்தமாத்தான் பண்ணியிருக்கேன். ஆனா நல்லெண்ணெ ஊத்துனப்பவும் இப்புடி ஆகும்னு எனக்குத் தெரியாது ஆச்சி.”

“சரி, ஓட்டு.”

என்ஜினைச் சுற்றினேன். பெல்ட் ஓடியது. கம்ப்ரசர் பழைய சத்தத்தைப் பிடித்தது. பத்து ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடுகிற இடத்தில் ஒருவர்கூட இல்லை. கதவுக்கு வெளியே தலைகள் மட்டும் தெரிந்தன. முள் ஏறத் தொடங்கியது. நானே இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

ஆச்சி நேராக டேங்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில். டேங்குக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து நின்றார்.

“ஆச்சி, இங்குட்டு வாங்க. வேண்டாம்” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

அவர் அசையவில்லை. “நீ முள்ளப் பாரு” என்றார்.

சமையல்காரர் துண்டைத் தோளில் இருந்து எடுத்தார், மறுபடி போட்டார். “ஆச்சி, இது நல்லால்ல. வெளிய வாங்க” என்றார். ஆச்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். பூமிக்கு அடியில் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. குழாய் இரண்டு தடவை வெறும் காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர் வெள்ளையாக வந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு வெளியே நின்றவர்கள் பின்வாங்கினார்கள். ஆச்சியின் தோள் ஒரு தடவை குலுங்கியது. கால் நகரவில்லை.

சமையல்காரர் ஏதோ வைதுகொண்டே உள்ளே வந்தார். யாரை வைதார் என்று தெரியாது. ஈரச் சாம்பலைக் காலால் ஒதுக்கிவிட்டு, குந்தி உட்கார்ந்து, விறகை அடுக்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பெண்கள் வாசற்படியைத் தாண்டி வந்து நின்றார்கள்.

முதல் அடுப்பு பற்றியது. அதன் வெளிச்சம் சுவரில் படிந்திருந்த கறுப்பின் மேல் விழுந்தது. ஆச்சி அதைப் பார்த்த பிறகுதான் டேங்கை விட்டு நகர்ந்தார். போகிற போக்கில் அண்டாவில் கையை விட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்து, முகம் சுளித்து, “தெளிய வச்சு, மேலாப்புல மொண்டு ஊத்திட்டு அடித்தண்ணில ஒலை வைங்க” என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அவர் உள்ளே போன பிறகே நான் முள்ளைப் பார்த்தேன். அது நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தது. எப்போதிலிருந்து அங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது.